மெயிலுக்கு எல்டாப் (ஆக்களின்ர பேர், பாஸ்வேர்டை ஒரே இடத்தில வச்சு எல்லா சேர்வரும் கேக்கிற பட்டியல்) தேவையா? போட்ட ஆக்கள், போடாத ஆக்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தை:
எங்கட ஒபிஸில 35 மெயில் பெட்டி. மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்பிக்ஸ், பெட்டியைத் திறந்து வாசிக்க டவ்கொட். பேர் எல்லாம் ஒரு பைலில, மாத்தினா போஸ்ட்மேப் எண்ட ஒரு கட்டளை அடிச்சாச் சரி. எல்டாப் வேண்டாம் எண்டு ஒற்றைக்காலில நிண்டது நான்தான். ஒரு பிள்ளை வேலையை விட்டுப் போனா. மெயிலை அண்டைக்கே நிப்பாட்டினன், மற்றக் கணக்குகள் வேறயா இருந்தபடியால் விடுபட்டுப் போச்சு. நாலு மாசம் கழிச்சு பைல் சேர்வர் லொக்கை (பதிவேட்டை) பாக்கிறன், முதல் நாள் இரவு 11.40க்கு அவவின்ர பேர். வீட்டு லாப்டொப் வீபிஎன்னில தானா இணைஞ்சிருக்கு, அவ ஒண்டும் செய்யேல்ல. ஆனா அந்த வரி இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

கொட்டாஞ்சேனை:
எனக்கு நேர்மாறு. ஓபன்எல்டாப் எண்ட எல்டாப் சேர்வரை வேற மிசினில போட்டு மெயிலை அதோட கட்டியிருந்தம். 2022 பங்குனிக் கடைசி, 13 மணித்தியாலக் கரண்ட் கட். மெயில் சேர்வர் ஜெனரேட்டர் லைனில, எல்டாப் மிசின் மற்ற லைனில, அது நிண்டிட்டுது. இருட்டுக்குள்ள லொக்கைத் திறந்தா வரிக்கு வரி 451, 451 (இப்ப ஏலாது, பிறகு அனுப்பு எண்டது). வெளியில இருந்து ஒரு மெயிலும் உள்ள வரேல்ல. 451 எண்டபடியால் அனுப்பின சேர்வர்கள் வச்சிருந்து திரும்ப அனுப்பினது. 550 (அடியோட மறுப்பு) எண்டு போயிருந்தா அவ்வளவும் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். 35 பேருக்கு இந்தத் தலையிடி வேண்டாம்.

பம்பலப்பிட்டி:
அண்ணை, அது எல்டாப்பின்ர பிழை இல்லை. மெயில் மிசினிலயே ஒரு பிரதி வச்சு சிங்க்ரெப்பிளால (எல்டாப் பிரதியைத் தானா ஒத்துப்போக வைக்கிறது) ஓட விட்டிருந்தா 451 வந்திருக்காது. என்ர கதை சின்னன். தண்டர்பேர்ட் மெயில் செயலியில எல்டாப் முகவரிப் புத்தகத்தைக் கட்டிக் குடுத்தன். ரிசெப்ஷன் அக்கா ரெண்டு எழுத்து அடிச்சா, பேர் வந்து விழுந்துது. மேசைக் கண்ணாடிக்குக் கீழ இருந்த மெயில் லிஸ்டை அப்பவே இழுத்து எடுத்தா.

வெள்ளவத்தை அண்ணைக்கு: எத்தினை பேர் எண்டு பாக்காதேங்கோ, ஒரு ஆளின்ர பாஸ்வேர்டை எத்தினை இடம் கேக்குது எண்டு பாருங்கோ. மெயில் மட்டும் எண்டா பைல் காணும். பைல் சேர்வர், வீபிஎன், வைபை எண்டு மூண்டு நாலு வந்தா போடுங்கோ. வெறும் 389இல (எல்டாப்பின்ர மறைக்காத போர்ட்) பாஸ்வேர்டை அனுப்பாதேங்கோ, அதை மறைகுறியாக்கிற ஸ்டார்ட்டிஎல்எஸ் போடுங்கோ, இல்லாட்டி முழுக்க மறைகுறியாப் போற 636 போர்ட். டவ்கொட்டில ஓத்பைண்டை வையுங்கோ, பாஸ்வேர்ட் சரியோ எண்டு எல்டாப்பே பாக்கும், ஹேஷை (உருமாத்தி வச்ச பாஸ்வேர்டை) டவ்கொட்டை வாசிக்க விடத் தேவையில்லை. மெயில் முகவரி இருக்கிற அட்ரிபியூட்டுக்கு (புலத்துக்கு) கெதியாத் தேட இன்டெக்ஸ் போட மறக்காதேங்கோ. ஒவ்வொரு இரவும் ஸ்லாப்கேட் கட்டளையால எல்டாப்பின்ர பக்கப் எடுத்து வேற இடத்தில வையுங்கோ. பேரை எப்பிடி எழுதுறது எண்டதை முதலே முடிவெடுங்கோ, பிறகு மாத்துறது பெரிய வேலை.

கொட்டாஞ்சேனை:
தம்பி, பிரதியைப் போடலாம். அது ஒத்துப்போகாமல் நிண்டா விடியப்புறம் எழும்பிப் பாக்கிறது ஆர்? எங்கட இடத்தில நான் ஒருத்தன்தான்.

வெள்ளவத்தை:
ரெண்டு பேரும் சொன்னதை வச்சு ஒரு வழி எடுத்திருக்கிறன். லொகின் மட்டும் எல்டாப்பில. முகவரியும் எலியாசும் (ஒரு பெட்டிக்குப் போற மற்ற முகவரிகளும்) பழைய பைலிலயே இருக்கும். எல்டாப் விழுந்தாலும் மெயில் வந்து பெட்டியில விழும், திறக்கத்தான் ஏலாது. வீபிஎன்னைத்தான் முதல் கட்டுறன், இந்தச் சனிக்கிழமை.