மடத்து சாஸுக்கு இரட்டை விலை நியாயமா?

நேர்கோடு:
கிறிஸ்தவ மடங்களில் துறவிகள் செய்து விற்கும் மிளகாய் சாஸுக்கு, கடையில் கிடைப்பதைவிட இரண்டு மடங்கு விலை, லேபிளில் அங்கி போட்ட துறவி படம், அடியில் ‘வருமானம் மடத்துக்கு’ என்று ஒரு வரி. தொண்டு என்று நினைத்து வாங்குகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து விதிகளில் 57-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: விலையில் பேராசை நுழையக் கூடாது, வெளியாட்கள் விற்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும். அவர்கள் விதியே அவர்களுக்கு எதிராக நிற்கிறது.

அடுப்படி:
57-ஐப் படித்தவர் அப்படியே 48-ஐயும் படித்திருக்கலாம். தன் கையால் உழைத்துப் பிழைப்பவரே உண்மையான துறவி என்று அங்கே இருக்கிறது. நான் மூன்று வருடம் சாஸ் செய்து விற்றவன், அந்தக் கஷ்டத்தைச் சொல்கிறேன். ஹாபனேரோ மிளகாய் வினிகரில் கொதிக்கும்போது கிளம்பும் ஆவி தொண்டையைப் பிடிக்கும், இருமி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டும், அப்புறம் கையுறையைக் கழற்றிய விரலால் மறதியாக மூக்கைத் தொட்டுவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் பிஹெச், அதாவது புளிப்பைக் காட்டும் அளவு, 4.6-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், அதைத் தாண்டினால் மூடிய பாட்டிலுக்குள் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைத்துவிடும். நூறு பாட்டில் போடுகிறவரும் லட்சம் பாட்டில் போடுகிற ஆலையும் ஒரே விலைக்கு எப்படி விற்க முடியும்?

நேர்கோடு:
சரி, பாட்டிலும் மூடியும் செலவுதான். ஆனால் துறவிக்குச் சம்பளம் கிடையாதே? உங்களுக்கு இருந்த கூலிச் செலவு அவர்களுக்கு இல்லை. அதுவும் போகட்டும், எங்கோ ஓர் ஆலையில் செய்து மடத்துப் பெயரை மட்டும் ஒட்டினால் யாருக்குத் தெரியும்?

இரவுப்பறவை:
இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவி சபையின் மடங்கள் அதற்காகத்தான் 1997-இல் சங்கம் வைத்து ஒரு முத்திரை கொண்டுவந்தன. மடத்தின் சுற்றுப்புறத்திலேயே, துறவிகள் மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும், லாபம் மடத்தின் தேவைக்கும் உதவிப் பணிக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் ஆகெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதும் 2021-இல் அந்த மடத்து பீருக்கு முத்திரை போய்விட்டது. ருசி அதேதான், ஆனாலும் போய்விட்டது! ஆனால் இது ட்ராப்பிஸ்டுகளுக்கு மட்டும். அமெரிக்காவில் அர்கன்சாஸின் சுபியாகோ மடம் ஹாபனேரோவில் ‘மங்க் சாஸ்’ விற்கிறது, அவர்கள் பெனடிக்ட் சபையினர், அங்கே இந்த முத்திரையைத் தேடிப் பயனில்லை.

நேர்கோடு:
அப்போ பணம் வர வர அண்டாவும் பெருகும், ஜெபம் சுருங்கும். அதுதான் என் பயமே.

இரவுப்பறவை:
எல்லாரும் அப்படி இல்லை. ஷார்த்ரூஸ் மது செய்யும் கார்த்தூசியத் துறவிகள், ஊரெல்லாம் கேட்டும், ஜெபத்துக்கும் தனிமைக்கும் நேரம் வேண்டும் என்று உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். 2023-இல் அது பெரிய செய்தி. மாசசூசெட்ஸின் ஸ்பென்சர் மடம் 2014-இல் பீர் விற்க ஆரம்பித்து, கட்டுப்படியாகாமல் 2022-இல் மூடிவிட்டது. 1954-இல் தொடங்கிய ஜாம் வியாபாரம் அதையும் தாண்டி நின்றது. மடத்தின் பெயர் இருந்தாலே பணம் கொட்டும் என்பதெல்லாம் சும்மா.

அடுப்படி:
சம்பளம் இல்லை என்றீர்கள். வயதான துறவியின் மருந்துச் செலவு, ஒழுகும் கூரை, இதெல்லாம் அந்த பாட்டிலில்தான் வருகிறது. கூலிக்குப் பதில் அது.

நேர்கோடு:
அப்படியானால் துறவி படத்துக்குப் பதிலாக அந்தக் கூரையை லேபிளில் போடட்டும், கேட்ட விலையைக் கொடுத்து நானே வாங்குகிறேன். 57-ஐ விடமாட்டேன்.

அடுப்படி:
வாங்குங்கள். முதல் நாள் ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.