மறுமொழி: தற்சுழற்சித் தடையா, முற்றுகையா, மறியலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மதுரையிலிருந்து வணக்கம். எலக்ட்ரானின் தற்சுழற்சி (spin) காரணமாக மின்னோட்டம் நின்றுபோவதை ஆங்கிலத்தில் spin blockade என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'தற்சுழற்சித் தடை', 'தற்சுழற்சி முற்றுகை' என்று இரண்டு சொற்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டு 'தற்சுழற்சி மறியல்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கோரிக்கை. ஏன் என்று சொல்ல, குவாண்டம் புள்ளிக்குள் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும்.

காலியம் ஆர்சனைடு போன்ற குறைகடத்தியில், சுமார் 100 நானோமீட்டர் அகலத்துக்குள் எலக்ட்ரான்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி அடைத்துவைக்கலாம். இதுதான் குவாண்டம் புள்ளி. இடம் அவ்வளவு சிறியது என்பதால், உள்ளே இருக்கும் எலக்ட்ரானின் விலக்குவிசையை மீறித்தான் இன்னொன்று நுழைய முடியும். அதற்குச் சில மில்லி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலே 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட் இருப்பதால் இந்த விளைவு தெரியாது. தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிக் குளிர்வித்தால் மின்னோட்டம் நிற்பது தெளிவாகத் தெரியும். மின்னூட்டங்களின் விலக்கால் வரும் இந்த நிறுத்தம் கூலூம் வகை (Coulomb blockade). இதற்கு மின்னூட்டமே போதும், தற்சுழற்சிக்கு வேலை இல்லை.

தற்சுழற்சி குறுக்கே வருவது, இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து இருக்கும் இரட்டைப் புள்ளியில். வலப்புள்ளியில் ஓர் எலக்ட்ரான் நிரந்தரமாக இருக்கிறது. இடப்பக்க மின்முனையிலிருந்து இன்னொன்று இடப்புள்ளிக்கு வந்து, வலப்புள்ளிக்குத் தாவி, வெளியேற வேண்டும். பௌலியின் தவிர்ப்புத் தத்துவப்படி, வலப்புள்ளியின் கீழ்மட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்திருக்க அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இணைந்த ஒற்றை நிலை வேண்டும். வந்த எலக்ட்ரான் அப்படி இணையாத மும்மை நிலையில் அமைந்துவிட்டால் முன்னே போக வழியில்லை. மின்முனையின் மட்டங்கள் நிரம்பியிருப்பதால் பின்னேயும் போக முடியாது. உட்கார்ந்துவிடும். மொத்த மின்னோட்டமும் நின்றுபோகும். மின்னழுத்தத்தைத் திருப்பினால் வலப்புள்ளியில் எப்போதும் ஒற்றை நிலையே நிரம்புவதால் மின்னோட்டம் தாராளமாகப் போகும். ஜப்பானில் ஓனோ, தருச்சா குழுவினர் 2002இல் இந்த ஒருவழிப் போக்கை அளந்து காட்டினார்கள்.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

'தடை' வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் மின்தடை. தற்சுழற்சித் தடை என்று எழுதினால் எத்தனை ஓம் என்று படிப்பவர் தேடுவார். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அந்தச் சொல், தற்சுழற்சி என்றாலே மின்னோட்டத்தை எதிர்ப்பது என்று எண்ண வைக்கும். 1998இல் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் உள்ள புள்ளியில் காண்டோ விளைவு காணப்பட்டது. அங்கே ஜோடி சேராத ஒரு தற்சுழற்சி, மின்முனை எலக்ட்ரான்களோடு பிணைந்து, கூலூம் விளைவு மூடிவைத்த வழியைத் திறந்துவிடுகிறது. தற்சுழற்சி எப்போதும் எதிர்ப்பதில்லை. ஆகவே நமக்கு வேண்டியது தொடங்கி முடிகிற ஒரு நிகழ்வின் பெயர்.

'முற்றுகை' நிகழ்வுதான். ஆனால் அது வெளியிலிருந்து சூழ்வது. இங்கே நிறுத்துவது பாதையின் நடுவில் இருக்கும் ஒன்று. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ்ஸில் வரும் என் முதுகலை மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடங்களோடு நாலு பேர் நடுரோட்டில் உட்கார்ந்தால் பின்னால் எத்தனை வண்டி நிற்கும் என்று பார்த்தவர்கள் அவர்கள். ரோட்டில் எந்தக் கோளாறும் இருக்காது. எழுந்து போனதும் பஸ் கிளம்பிவிடும்.

இரட்டைப் புள்ளியிலும் அப்படியே எழுந்து போவது உண்டு. காலியம், ஆர்சனிக் அணுக்கருக்களுக்கும் தற்சுழற்சி இருக்கிறது. அவற்றின் காந்தப்புலம் இரண்டு புள்ளிகளிலும் சற்றே வேறுபடுவதால் மும்மை நிலையும் ஒற்றை நிலையும் கலந்து, சிறிதளவு மின்னோட்டம் கசிகிறது. 'மறியல் நீங்கல்', 'மறியல் கசிவு' என்று இவற்றுக்குச் சொற்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. அப்புறம், சிலிக்கான்-28 அணுக்கருவுக்குத் தற்சுழற்சி இல்லை. அதில் செய்த புள்ளிகளில் இந்த வழியில் மறியல் நீங்குவது வெகுவாகக் குறையும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். குவாண்டம் கணினிக்காகத் தற்சுழற்சி எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறிய இந்த மறியலையே பயன்படுத்துகிறார்கள் என்பதால் சொல் அடிக்கடி தேவைப்படும். கூலூம் வகையையும் 'கூலூம் மறியல்' என்றே வைத்தால் இரண்டின் உறவும் தெரியும்.

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், தங்கள் ஊரில் மறியல் என்றால் சிறை, விளக்கமறியல் என்பது நீதிமன்ற வழக்கு என்று நினைவூட்டினார். நல்ல கேள்வி ஐயா. ஆனால் முன்னும் பின்னும் போக முடியாமல் அகப்பட்ட எலக்ட்ரானுக்கு அந்தப் பொருளும் பொருந்துகிறது. சாலையில் உட்காருவது என்று படித்தாலும், காவலில் இருப்பது என்று படித்தாலும் இயற்பியல் பிசகாது. இரு நாட்டுப் பாடநூலுக்கும் ஒரே சொல் கிடைப்பது பெரிய விஷயம்.

'ஒற்றை நிலை', 'மும்மை நிலை' இரண்டையும் வேதியியலாரின் வழக்கைப் பின்பற்றியே எழுதியிருக்கிறேன். அவற்றில் மாற்றுக் கருத்து இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். மறியலுக்கு மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்