1989 புல்லட் 350: கஃபே ரேசராக மாற்றிய பின் வழியில் நின்றுபோகிறது, உதவி தேவை

(இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

அப்பாவின் புல்லட் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1989-இல் புதிதாக வாங்கி, பணி ஓய்வு பெறும்வரை பல்லடத்திலிருந்து கோயம்புத்தூருக்கு நாள்தோறும் ஓட்டிச் சென்ற 350 சி.சி. புல்லட், அவர் காலத்துக்குப் பிறகு வீட்டுப் பின்புறத் தாழ்வாரத்தில் சாக்கு போர்த்தியபடியே நெடுநாள் கிடந்தது. சென்ற ஆண்டு அதை வெளியே எடுத்து, சிலிண்டரை அடுத்த அளவுக்கு போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), புதிய பிஸ்டன், ரிங், வால்வு கைடு, கிளட்ச் தட்டுகள் போட்டு, எஞ்சினை முதலில் ஒழுங்குபடுத்தினேன். பழைய தோற்றத்திலேயே இரண்டு மாதம் ஓட்டியும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதன் பிறகுதான் கஃபே ரேசர் வடிவத்துக்கு (தாழ்ந்த ஹேண்டிலும் ஒற்றை சீட்டும் கொண்ட பழைய பந்தய வண்டித் தோற்றம்) மாற்றும் வேலையில் இறங்கினேன். தொல்லையும் அங்கிருந்துதான் தொடங்கியது.

மாற்றியவை இவை. பக்கவாட்டுப் பெட்டியையும் ஏர் ஃபில்டரையும் எடுத்துவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை மாட்டியிருக்கிறேன். நீளச் சைலன்சருக்குப் பதில் குட்டைச் சைலன்சர். பழைய டேங்கைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, டிங்கரிங் பட்டறையில் தகடு அடித்துச் செய்த நீள டேங்க். அதற்கு மேற்பரப்போடு சமமாக உட்காரும் மூடி. துருப் பிடிக்காமலிருக்க டேங்கின் உட்புறம் முழுவதும் எபாக்சி பூச்சு ஊற்றப்பட்டிருக்கிறது. கிளிப்-ஆன் ஹேண்டில், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட், ஒற்றை சீட், பவுடர் கோட்டிங் செய்த சேசிஸ். கார்புரேட்டர் பழைய மிக்கார்ப் வி.எம். 24-தான், மெயின் ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகு) 90 என்று பொறித்திருக்கிறது.

குறைகள் இரண்டு. முதலாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சில கிலோமீட்டர் சென்றதும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை திக்கி, நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டாவது, ஆக்சிலேட்டரை மூன்றில் ஒரு பங்கு திருப்பும் இடத்தில் வண்டி ஒரு கணம் தயங்குகிறது. வேகத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நாலு கியர்

மனத்தில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். வலக்காலில் கியர் உள்ள காஸ்ட் அயர்ன் புல்லட்டை அதன் முழு உருவத்தில் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்தில், இரண்டு மாதம் குறையில்லாமல் ஓடிய ஒன்றைப் பிரித்து உருமாற்றியிருக்கிறீர்கள். பழைய டேங்கை விற்காமல் வைத்திருக்கிறீர்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

இனி குறைக்கு வருவோம். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் பாயிண்ட் வண்டி (மின்தொடர்பைத் திறந்து மூடும் பாயிண்டால் பிளக்கில் பொறி வரும் வண்டி) என்றால், என் கை முதலில் அந்தப் பொறிக்கு உதவும் கண்டென்சருக்கும் காயிலுக்கும்தான் போகும். பாயிண்ட் முகங்கள் கருகியோ மேடு பள்ளமாகவோ இருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சீட்டைக் குட்டையாக்கியபோது காயிலை இடம் மாற்றியிருந்தால், சிலிண்டரின் சூடு படும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்பாவின் புல்லட்

நன்றி ஐயா. புதிய கண்டென்சர் போட்டேன், பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபார்த்தேன், காயிலை நண்பரின் வண்டியிலிருந்து வாங்கி மாட்டியும் ஓட்டினேன். மாற்றமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. பங்க்கில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்ட நாளில் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. டேங்கில் கால் பங்குதான் இருக்கும் நாளில் பதினைந்து கிலோமீட்டர் வரைகூடத் தாங்குகிறது. பெட்ரோலில் கலப்படம் இருக்குமோ என்று பங்க்கை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

லேத் பட்டறை

தொடர்பு உண்டு, நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தச் செய்திதான் உங்கள் முதல் குறையின் விடை. பெட்ரோலில் குற்றமில்லை, உங்கள் டேங்க்தான் மூச்சு விட முடியாமல் திணறுகிறது.

கார்புரேட்டர் உள்ள உங்கள் புல்லட்டில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குத் தன் எடையாலேயே பெட்ரோல் இறங்குகிறது. இறங்கிய அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, அது பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிரம்பியிருக்கும்போது மேலே உள்ள காற்று கையளவுதான் என்பதால், சிறிதளவு பெட்ரோல் இறங்கினாலே அந்தக் காற்றின் அழுத்தம் சட்டென்று குறைந்துவிடுகிறது. கால் பங்கு பெட்ரோல் மட்டும் இருக்கும்போது மேலே நிறையக் காற்று இருப்பதால் அழுத்தம் மெல்லத்தான் குறைகிறது. அதனால் அதிக தூரம் ஓடுகிறது. ஐந்து நிமிடம் நிறுத்தினால் மூடியின் ஓரமாகக் கசிந்து காற்று உள்ளே போய்விடும், வண்டியும் கிளம்பிவிடும். சூட்டால் காயில் செத்தால் பெரும்பாலும் விளக்கை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நிற்கும். திக்கித் திக்கி இழுவை குறைந்து நிற்பது பெட்ரோல் வற்றும் குணம்.

சாலைக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே இதை உறுதி செய்யலாம். எஞ்சின் ஆறிய பிறகு, அருகில் தீயோ பீடியோ இல்லாத திறந்த இடத்தில், கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பெரிய பாட்டிலுக்குள் விட்டு, டேங்க் மூடியை இறுக்கி, டேங்கின் பெட்ரோல் டேப்பைத் திறந்துவிடுங்கள். முதலில் தாராளமாக விழும் பெட்ரோல் சிறிது நேரத்தில் நூலாகி, பிறகு சொட்டாகும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்கும். பெட்ரோல் மறுபடியும் கொட்டும். அப்படி நடந்தால் ஐயமே வேண்டாம்.

சமமாக உட்காரும் மூடிகளில் காற்றுக்கான துளை மூடியிலோ, கழுத்தை ஒட்டிக் கீழே இறங்கும் சிறு குழாயிலோ இருக்கும். நீங்கள் எபாக்சி ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பூச்சு ஊற்றி டேங்கை எல்லாப் பக்கமும் உருட்டும்போது அந்தக் குழாய்க்குள்ளும் புகுந்து உறைந்துவிடுவதை என் பட்டறையில் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை எனக்கே இரண்டு நாள் பிடித்தது.

இரண்டாவது குறை வேறு. முதலாவதைத் தீர்க்கும்வரை அதைத் தொடாதீர்கள். பெட்ரோல் சரியாக இறங்காத வண்டியில் ஜெட்டை மாற்றிப் பார்ப்பது, கிணற்றில் நீர் இல்லாதபோது வாளியை மாற்றுவது போன்றது.

மின்கம்பி

கேட்கப்படாத ஒன்றைச் சொல்கிறேன். சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்திருக்கிறீர்கள். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் எர்த் கம்பியும் காயிலைத் தாங்கும் பிராக்கெட்டும் சேசிஸைத் தொடும் இடங்களில் பூச்சைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்து போல்ட் போடுங்கள். எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு எர்த் கம்பியும் இழுத்துவிடுங்கள்.

அப்பாவின் புல்லட்

லேத் பட்டறை ஐயா சொன்னபடியே நடந்தது. பாட்டிலில் ஏறக்குறைய அரை லிட்டர் விழுவதற்குள் பெட்ரோல் நூலாகிவிட்டது. மூடியைத் திருகியதும் டேங்க் பெருமூச்சு விட்டதை என் மகள்கூடக் கேட்டாள். கழுத்தை ஒட்டிய குழாயின் வாயில் எபாக்சி கண்ணாடி மணிபோல் உறைந்து அடைத்திருந்தது. பழைய பிரேக் ஒயரிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து, அதைச் சூடாக்கிக் குத்திக் குத்தி எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. சூடான கம்பி என்பதால் டேங்கை முன்பே காலி செய்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்தேன். நேற்று டேங்க் நிறையப் பெட்ரோலோடு அவிநாசி வரை சென்று திரும்பினேன், ஓரிடத்திலும் நிற்கவில்லை. எர்த் புள்ளிகளையும் சுரண்டிவிட்டேன். ஹாரன் சத்தம் இப்போதுதான் ஹாரன் சத்தமாக இருக்கிறது.

தயக்கமும் சைலன்சர் வெடிப்பும் மட்டும் அப்படியே உள்ளன.

லேத் பட்டறை

மகிழ்ச்சி. இனி இரண்டாவதைப் பார்ப்போம். பழைய ஏர் ஃபில்டரும் நீளச் சைலன்சரும் இருந்தபோது எஞ்சின் இழுத்த காற்றின் அளவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது உங்கள் கார்புரேட்டர். இப்போது உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் திறந்துவிட்டன. பெட்ரோலின் அளவோ பழையபடியே இருக்கிறது. வெளுத்த பிளக் அதைத்தான் சொல்கிறது. இப்படியே நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால், காஸ்ட் அயர்ன் சிலிண்டரில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே சரி செய்யும்வரை அறுபதுக்கு மேல் போகாதீர்கள்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் காற்று எடுக்கிறதா என்று, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். எஞ்சின் ஓசை மாறினால் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிய புகைத்தடம் இருந்தால் அங்கும் கசிவு உண்டு. ஆக்சிலேட்டரை மூடும்போது வெடிப்பதற்கு அந்தக் கசிவே பாதிக் காரணமாக இருக்கலாம். மூன்றாவது டேப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் புஷ்ராடு கம்பியின் இடைவெளி. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க, பக்கவாட்டு மூடியைத் திறந்து புஷ்ராடை இரு விரலால் உருட்டுங்கள்: தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. புதிய வால்வு கைடு போட்ட வண்டியில் இது சில நூறு கிலோமீட்டரிலேயே மாறிவிடும்.

இவை சரியாக இருந்தால் கார்புரேட்டருக்கு வாருங்கள். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப்பும் அதன் பக்கத்து உறையில் கால், அரை, முக்கால், முழு என்று நான்கு கோடுகளும் போட்டுக்கொள்ளுங்கள். கால் பங்குக்குள் பேசுவது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும். காலிலிருந்து முக்கால்வரை நீடில் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி). அதற்கு மேல் மெயின் ஜெட். உங்கள் தயக்கம் மூன்றில் ஒரு பங்கில் என்பதால் குற்றவாளி நீடில்தான். அதன் தலையிலுள்ள கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டை 90-இலிருந்து ஒரேயடியாக 120-க்குத் தாவாமல், 95, 100 என்று படிப்படியாக ஏற்றுங்கள். வி.எம். கார்புரேட்டரின் ஏர் ஸ்குரூ காற்றை அளப்பது. உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும், வெளியே திருகினால் குறையும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு திருகுபவர்கள் அதிகம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும், ஆளில்லாத சாலையில் குறிப்பிட்ட கோட்டில் ஆக்சிலேட்டரைப் பிடித்து ஓரிரு கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு சாவியை அணைத்து, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐடிலில் வீடுவரை ஓட்டி வந்து கழற்றினால், பிளக் ஐடிலின் கதையைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது காபிப் பொடியின் நிறம்.

காகித வேலை

வண்டி ஓடத் தொடங்கிவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் உங்களுக்குத் துணைக்கு வரமாட்டா. அவை முதற்பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த, பெரிதாக உருமாற்றப்படாத வண்டிகளுக்கு உரியவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டியிருப்பதால், சேசிஸில் எதையும் அறுக்காமல், கழற்றிய ஒவ்வொரு பொருளையும் திரும்ப மாட்டும் நிலையில் வைத்திருங்கள்.

அப்பாவின் புல்லட்

சேசிஸில் ரம்பமே படவில்லை. எல்லாம் போல்ட்டில் நிற்பவைதான். ஹெட்லைட் முகப்பை எடுத்தபோதுதான் அதுவே முன்ஃபோர்க்கின் மேல் பிடிப்பு என்று தெரிந்து, கிளிப்-ஆனுக்காகத் தனிப் பிடிப்பு ஒன்றை லேத்தில் கடைய வேண்டியிருந்தது. பழைய முகப்பு, ஆம்ப் மீட்டரோடு பெட்டியில் இருக்கிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழித்து எழுதுகிறேன். சைலன்சர் பைப் சேரும் இடத்தில் கசிவு இருந்தது. அதை அடைத்ததும் வெடிப்பு பெருமளவு அடங்கிவிட்டது. எக்சாஸ்ட் புஷ்ராடு உருளவே இல்லை, அதைச் சரி செய்தேன். நீடில் கிளிப்பை மூன்றாவது பள்ளத்திலிருந்து நான்காவதுக்கு இறக்கி, மெயின் ஜெட் 100 போட்டதில் தயக்கம் நீங்கிவிட்டது. 105 போட்டபோது பிளக் கரி படிந்தது, அதனால் 100-க்கே திரும்பிவிட்டேன். இன்று முக்கால் கோட்டில் கழற்றிய பிளக் காபிப் பொடி நிறத்துக்குச் சற்றே வெளிர்.

மிச்சம் ஒன்றுதான். பின்தள்ளிய வலப்பக்க ஃபுட்ரெஸ்டில் கிக்கர் இடிக்கிறது. முழு உதை கிடைப்பதில்லை.

நாலு கியர்

கிக்கரைச் சூடாக்கி வளைக்கச் சொல்பவர்கள் வருவார்கள், செய்யாதீர்கள். பல்லுள்ள பகுதி தளர்ந்தால் ஷாஃப்டும் சேர்ந்து கெடும். ஃபுட்ரெஸ்டின் கட்டையை மட்டும் கீல் வைத்து மேல்நோக்கி மடங்கும்படி செய்துகொள்ளுங்கள். மடக்கிவிட்டு உதைக்கலாம். ஃபுட்ரெஸ்டைப் பின்தள்ளியபோது கியரின் இணைப்புக் கம்பி திரும்பியதால் உங்கள் வண்டியில் முதல் கியர் இப்போது கீழே விழுகிறதா, மேலேயா? வேறு யாரிடமாவது சாவியைக் கொடுக்கும் முன் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

அப்பாவின் புல்லட்

கீழே விழுகிறது ஐயா. முதல் நாள் நானே நியூட்ரல் என்று நினைத்து கிளட்சை விட்டு, வாசல் துளசி மாடத்தில் மோதினேன். கீல் வேலைக்கு நாளை லேத்துக்குப் போகிறேன்.