கலைச்சொல் விவாதம்: ‘கிரிட்டிக்கல் பாத்’ – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திட்ட மேலாண்மை பற்றிய அறிமுகப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தொழிற்பயிற்சி முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகிறவர்கள், சொந்த வேலைகளையாவது ஒழுங்காகத் திட்டமிட நினைப்பவர்கள் என்று எல்லாரும் படிக்கப் போகும் பாடம். வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் அலகைக் கொடுத்தாக வேண்டும். ‘மைல்ஸ்டோன்’ மைல்கல்லாகிவிட்டது, ‘டெட்லைன்’ கெடு ஆகிவிட்டது. ‘கிரிட்டிக்கல் பாத்’தில் வந்து மாட்டிக்கொண்டேன். எந்த வேலைகள் பிந்தினால் மொத்தத் திட்டமும் பிந்துமோ, அந்த வேலைகளின் வரிசை அது. மாறுநிலைப் பாதை, நெருக்கடிப் பாதை, முக்கியப் பாதை ஆகிய மூன்றும் கைவசம் உள்ளன, மூன்றுமே உறுத்துகின்றன. கூடவே ‘ஃப்ளோட்’டுக்கும் (முடிவுத் தேதி தள்ளாமல் ஒரு வேலை பிந்தக்கூடிய நாள்கள்) ஒரு சொல் வேண்டும். அதை ஒருவர் ‘மிதவை’ என்று மொழிபெயர்த்திருந்தார். அதைப் பார்த்துப் பயந்துதான் இங்கே வந்தேன்.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? இயற்பியலில் மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலைக் கோணம் என்று படித்துத்தானே வளர்ந்தோம்? ஒரு மூலச்சொல்லுக்குத் துறைக்கொரு தமிழ்ச்சொல் வைத்தால் படிப்பவன் தலைதான் சுற்றும். ‘பாதை’ தமிழ்ச்சொல்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு, அதை மட்டும் ‘தடம்’ ஆக்கிவிடுங்கள். மாறுநிலைத் தடம். வேலை முடிந்தது.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

முடியவில்லை ஐயா. கருத்தை முதலில் பார்த்துவிடுவோம், சொல் அப்புறம் வரட்டும்.

பழைய வீட்டில் ஓர் அறையைப் புதுப்பிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரை வெட்டி மின்குழாய் பதிக்க 4 நாள், பூச்சுக்கு 3 நாள், பூச்சு காய 7 நாள், வண்ணமடிக்க 2 நாள், கடைசியில் அலமாரி பொருத்த 1 நாள். மொத்தம் 17. அலமாரி செய்யத் தச்சருக்கு 10 நாள் வேண்டும், முதல் நாளே சொல்லியாகிவிட்டது. அலமாரி 16ஆம் நாள் மாலைக்குள் வந்தால் போதும். ஆகவே தச்சர் 6 நாள் பிந்தினாலும் வீட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. மின்வேலைக்காரர் ஒரே ஒரு நாள் வராவிட்டால் 17 என்பது 18 ஆகிவிடும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். வீட்டுக்காரர் தினமும் போன் போடுவது தச்சருக்குத்தான், ஏனென்றால் அலமாரிக்குத்தான் செலவு அதிகம். தேதியைக் கையில் வைத்திருப்பதோ சுவர். அதிலும் அந்த 7 நாள் பூச்சு காய்கிறது, யாரும் எதையும் தொடுவதில்லை. ஆனாலும் அது அந்தத் தடத்தில் இருக்கிறது. இதைப் போய் ‘முக்கியப் பாதை’ என்றால் எல்லாரும் அலமாரியைத்தான் பார்ப்பார்கள். அதற்கு நெருக்கடியும் தேவையில்லை, எல்லாம் சுமுகமாக நடக்கும்போதும் இந்தத் தடம் இருக்கும். தச்சருக்குக் கிடைத்த அந்த 6 நாள்தான் ஃப்ளோட். தடத்தில் இருக்கும் வேலைகளுக்கு அது பூஜ்யம். இந்தப் பூஜ்யம் சொல்லில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை.

புலவர் எழுதியது:

பொறியாளர் ஐயா விளக்கியதும் எனக்குப் பளிச்சென்று பட்டது. இதற்குச் சொல் எப்போதோ இருக்கிறது. வினை செயல்வகை அதிகாரம், 672ஆம் குறள்:

தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை.

இங்கே தூங்குதல் என்றால் கண் மூடுவது இல்லை, நீட்டித்தல். பரிமேலழகரும் அப்படித்தான் கொள்கிறார். பிந்திச் செய்யத் தக்கதைப் பிந்திச் செய், பிந்தக் கூடாததைப் பிந்தாதே. தச்சர் வேலை தூங்கும் வினை, மின்வேலை தூங்கா வினை. இரண்டையும் பிரித்தறிவதுதான் உங்கள் மூன்றாம் அலகு முழுவதும் என்றால், சொல்லைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். ‘தூங்காவினைத் தடம்’ என்று வையுங்கள். ஃப்ளோட்டுக்குத் ‘தூங்கல்’.

மென்பொருள் அணித்தலைவர் எழுதியது:

ஐயா, குறள் கச்சிதமாகப் பொருந்துகிறது, மறுக்கவே முடியாது. ஆனால் ‘இந்த வேலைக்கு ஆறு நாள் தூங்கல் உண்டு’ என்று என் அணியில் அறிவித்தால் அன்று மாலையே கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். மேலும் பூச்சு காயும் 7 நாளில் நிஜமாகவே எல்லாரும் தூங்கலாம். அந்தக் கட்டத்துக்குப் பெயர் தூங்கா வினையா?

புலவர் எழுதியது:

தம்பி, தூக்கத்துக்கு உறக்கப் பொருள் மட்டுமே உண்டு என்று யார் சொன்னது? தூங்கு என்பதன் அடிப்படை தொங்குதல், அசைதல். தூங்கணாங்குருவி தூங்குகிற குருவியா? அதன் கூடு தொங்குகிறது. ‘தூங்கெயில்’ என்றால் வானில் தொங்கும் மதில். தொங்கும் பொருள் முன்னே போகாமல் அங்கேயே அசைந்துகொண்டிருக்கும், அதிலிருந்துதான் நீட்டித்தல் என்ற பொருள் கிளைத்தது என்பது என் துணிபு. வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் ஓசை சொன்னார்களே, சீர் அசைந்து அசைந்து மெல்லச் செல்லும் என்றுதானே? யானைக்குத் தூங்கல் என்று பெயர் வந்ததும் அதன் நடையால்தான்.

இன்னொன்று. தூங்கு தன்வினை, தூக்கு பிறவினை. அடங்கு, அடக்கு போல. ஆகவே ஒரு வேலையை வேண்டுமென்றே ஒத்திவைத்தால் அதைத் ‘தூக்குவினை’ எனலாம். ஒரே வேரில் முழுக் கலைச்சொல் குடும்பமே கிடைக்கிறது பாருங்கள்.

மென்பொருள் அணித்தலைவர் எழுதியது:

தூக்குவினையா! ஐயா, வேலையை ஒத்திவைத்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனை வேண்டாம்.

நான் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். தேதியைத் தீர்மானிப்பது இந்தத் தடம் என்பதால் ‘கெடுத்தடம்’?

வகுப்பாசிரியை எழுதியது:

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தீர்களா தம்பி? ‘கெடுத்த இடம்’ என்றுதான் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கேட்கும்.

நான் இதை வகுப்பில் கற்பிப்பவள், அதனால் கொஞ்சம் நீட்டிக்கிறேன் (புலவர் ஐயா முறைப்படி ‘தூங்குகிறேன்’). மாணவர்களுக்கு இது கட்டடக்காரர் விஷயம், கம்பெனி விஷயம் என்றே முதலில் தோன்றுகிறது. ஒரு மாணவி வேலைக்கு விண்ணப்பிக்கத் தயாரானாள். தன்விவரக் குறிப்பைத் திருத்தித் திருத்தி எழுதினாள், எழுத்துரு மாற்றினாள், புகைப்படம் மாற்றினாள். பரிந்துரைக் கடிதம் கேட்பதை மட்டும் கடைசி வாரம் வரை விட்டுவைத்தாள், ‘ஒரு மடல் அனுப்பினால் போதுமே’ என்று. அவள் பக்கத்தில் அது ஐந்து நிமிட வேலைதான். எழுதித் தருபவருக்கோ இரண்டு வாரம் வேண்டியிருந்தது. நாள் முழுக்க உழைத்தவள் நாள் தவறினாள். அவளிடம் சோம்பல் கிடையாது. எதை இன்றே தொடங்க வேண்டும் என்று பார்க்கத் தெரியவில்லை, அதுதான் குறை. திட்ட மேலாண்மையில் வேறு எது மறந்தாலும் இந்த ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டால் போதும் என்பேன்.

நம் கணிப்பை நம்பவும் முடியாது. பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனது 55.5 நாள். எல்லாம் தப்பாகப் போனால் எவ்வளவு என்று கேட்டதற்குச் சொன்ன 48.6 நாளையும் அது தாண்டிவிட்டது. ஆகவே எந்த வேலையில் தாமதத்தைத் தாங்கலாம், எதில் கூடாது என்று பிரித்து வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

சொல்லுக்கு வருகிறேன். ‘உனக்கு அவகாசம் இருக்கா, இல்லையா?’ இதைக் கேட்டுப் புரியாத மாணவரே இல்லை. ஃப்ளோட் என்றால் அவகாசம். மற்றது அவகாசமில்லாத் தடம்.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

அவகாசம் வடமொழி. கலைச்சொல்லாக்கம் என்று தொடங்கிவிட்டு வடசொல்லில் போய் நிற்பதற்கு, ‘ஃப்ளோட்’டையே வைத்துக்கொண்டு போகலாமே. நெகிழ்வு என்ற அருமையான சொல் இருக்க இது எதற்கு? தவிர, தச்சர் 6 நாளுக்குப் பதில் 8 நாள் பிந்தினால் என்ன ஆகும் என்று பொறியாளர் சொல்லவில்லை. அப்போது தடமே தச்சர் பக்கம் மாறிவிடும் அல்லவா? தடம் மாறுகிறது, ஆகவே மாறுநிலைத் தடம். நான் தொடக்கத்தில் சொன்னதே சரி.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

தடம் மாறும் என்பது உண்மை, மாறினால் திட்டம் 19 நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை மறுபடி கணக்கிடுகிறோம். ஆனால் மாறுவது அதன் இலக்கணம் இல்லை ஐயா, மாறாமலும் இருக்கலாம். இயற்பியலில் ‘மாறுநிலை’ ஒரு நிலை இன்னொன்றாகும் எல்லையைச் சொல்கிறது. இங்கே அந்த எல்லை ஏது?

புலவர் எழுதியது:

வடசொல் என்று ஒதுக்குவதில் நான் தனித்தமிழ் அன்பருடன் சேரமாட்டேன். ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று தொல்காப்பியரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். வடவெழுத்தை விட்டுத் தமிழெழுத்தோடு பொருந்தினால் வடசொல்லும் வரலாம். அவகாசத்தில் வடவெழுத்து ஏதுமில்லை. ஆனால் ‘அவகாசமில்லாத் தடம்’ மூச்சு வாங்குகிறது. நீளத்தைப் பார்த்தால் தூங்காவினைத் தடம் ஒன்றும் மோசமில்லை.

மென்பொருள் அணித்தலைவர் எழுதியது:

ஒரு வரலாற்றுச் செய்தி, யாருக்காவது ஆறுதலாக இருக்கலாம். இந்த முறையை 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ரேண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கினார்கள். ஆனால் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற பெயர், அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக ‘பெர்ட்’ என்ற இன்னொரு திட்டமிடல் முறையை உருவாக்கியவர்களிடமிருந்து வந்தது என்று கெல்லியே சொல்லியிருக்கிறார். கருவி ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. ஆகவே அந்த ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் நாம் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

நெகிழ்வு ஒரு பக்கம் என்றால் எதிர்ப்பக்கம் இறுக்கம். ‘இறுக்கத் தடம்’. ‘தேதி டைட்டா இருக்கு’ என்று பேசுகிறோமே, அதேதான்.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

இறுக்கத் தடம் பரவாயில்லை. பூஜ்யம் தெரிகிறது. வேலையிடத்தில் ‘கிரிட்டிக்கல்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள் என்பது வேறு விஷயம். புதிதாக வந்த ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டு ‘எந்த ஆஸ்பத்திரி சார்?’ என்றான். ஆகவே ஆங்கிலமும் புரிகிறது என்று நினைக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை வெள்ளி. இதற்கு மேல் எனக்கு நெகிழ்வும் இல்லை, அவகாசமும் இல்லை. பாடத்தில் ‘இறுக்கத் தடம்’ என்று போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘கிரிட்டிக்கல் பாத்’ வரும். ஃப்ளோட்டுக்கு அவகாசம். பொறியாளரும் ஆசிரியையும் தம்பியும் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். புலவர் ஐயா, 672ஆம் குறளை அலகின் தலைப்பில் வைக்கிறேன். பரிந்துரைக் கடிதக் கதையையும் பெயரில்லாமல் சேர்த்துக்கொள்ளலாமா அம்மா?

வகுப்பாசிரியை எழுதியது:

தாராளமாக.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

இறுக்கம் தமிழ், அதன் துணைக்கு அவகாசமா? இறுக்கத்துக்கு எதிர்ச்சொல் நெகிழ்வு. என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

புலவர் எழுதியது:

குறளை வைப்பதற்கு நன்றி. ஆனால் கீழே ‘தூங்குதல் – நீட்டித்தல்’ என்று ஓர் அடிக்குறிப்பு அவசியம் போடுங்கள், இல்லாவிட்டால் தலைப்பைப் பார்த்துவிட்டு மாணவன் படுத்துவிடுவான். இறுக்கத் தடத்தை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி பேசுவோம்.