ரெட்வுட் உச்சிக்கு முதல் கயிறு எப்படிப் போகிறது?

மரவெளி: கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் என்ற ராட்சத மரத்தில் உறுதியான முதல் கிளையே பல மரங்களில் 50 மீட்டருக்கு மேல்தான். ஆய்வுக்கு ஏறுகிறவர்கள் தண்டில் குத்தி ஏறும் முள் பூட்ஸும் போடுவதில்லை. அப்புறம் எப்படி? ஏறிய பிறகு மரத்துக்கு எதனால் சேதம் அதிகம்?

முடிச்சு: வில்தான். ரப்பர் முனை அம்பில் தூண்டில் நரம்பைக் கட்டி, கிளைக்கு மேலாக எய்வார்கள். அம்பு மறுபக்கம் இறங்கியதும் நரம்பைக் கொண்டு மெல்லிய நைலான் கயிற்றையும், அதைக் கொண்டு 10-11 மி.மீ. ஸ்டாட்டிக் கயிற்றையும் (அதிகம் நீளாத ஏறுகயிறு) இழுப்பார்கள். அம்பு எடை குறைந்தால் நரம்பு பட்டையில் உரசி, அம்பு அந்தரத்திலேயே நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியது சுமை. ஒரு முனையை அடிமரத்தில் கட்டி மறுமுனையில் ஏறினால், ஆள் எடையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கைக் கிளை தாங்கியாக வேண்டும். எனவே ஏறும் முன் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொங்கிப் பார்ப்பது கட்டாயம். பட்டுப்போன கிளையா என்று பைனாகுலரில் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் தண்டைச் சுற்றி ஸ்லிங் (வளையப் பட்டை) போட்டு, கயிற்றை அதற்கு மாற்றிவிட்டால் இந்த இரட்டிப்பு இல்லை. 60 மீட்டர் கிளைக்கு 120 மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும், பலர் இதில்தான் கணக்குத் தப்புகிறார்கள்.

பெரணிக்காடு: இரண்டாம் கேள்விக்கு: கயிறு உரசும் இடமும் கால் வைக்கும் இடமும். ரெட்வுட் பட்டை நார்நாராக, மிருதுவாக இருக்கும். ஓடும் கயிறு அதை அறுத்துவிடும், உறை போடாமல் கயிற்றை இழுக்கக் கூடாது. அதைவிட முக்கியம், கிளைக்கவட்டில் மட்கிய இலை சேர்ந்து உருவான மண்ணும் அதில் மெத்தையாக வளரும் தோல்இலைப் பெரணியும். மழைநீரைப் பிடித்து வைப்பது அதுதான். பல்லி போன்ற நீர்நில உயிரியான அலையும் சாலமாண்டர் (wandering salamander) அந்த ஈரத்தில்தான் வாழ்கிறது. மெத்தையின் ஓரம் ஒருமுறை பிய்ந்தால் அங்கிருந்து காய ஆரம்பிக்கும். மிதிக்காதீர்கள், கயிற்றில் தொங்கியபடியே சுற்றிப் போங்கள்.

மரவெளி: அம்புக்குப் பதில் டிரோனில் நரம்பை எடுத்துப் போனால்?

அலைமூடுபனி: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோனுக்குத் தடை. ஏறுவதற்கே ஆய்வு அனுமதி வேண்டும். மார்பிள்ட் முர்ரலெட் என்ற கடற்பறவை கூடு கட்டாமல், அகலக் கிளையின் பாசிமேல் ஒரே ஒரு முட்டை இடும். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அதன் காலம், அப்போது ஏறுவதைத் தவிருங்கள். சாப்பாட்டுத் துணுக்கு கீழேகூடச் சிந்தக் கூடாது. அதைத் தேடி வரும் காக்கை இனங்கள் முட்டையையும் விடாது.

ஏறாமல் சும்மா பார்க்கப் போனாலும் சேதம்தான்: வேர் மேலாகத்தான் ஓடுகிறது, மண் மிதிபட்டு இறுகும். உலகிலேயே உயரமான மரமான ஹைபெரியன் என்ற ரெட்வுட்டைச் சுற்றி 2022-இல் பூங்கா நிர்வாகம் நுழைவை மூடியது அதனால்தான். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.