படிக்கட்டின் கீழே ஒரு அம்பாசடர் ரேடியேட்டர்

சத்துவாச்சாரியிலிருந்து:

கம்ப்யூட்டரைத் தண்ணீர் ஓட்டிக் குளிர வைக்கும் வாட்டர் கூலிங் பற்றி எல்லோரும் அவரவர் அனுபவத்தை எழுதுகிறீர்கள், என்னுடையதும் இருக்கட்டும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் கட்டட எலிவேஷன்களுக்கு 3டி படம் போட்டுக் கொடுக்கிறவன். ராத்திரி ரெண்டர் (கம்ப்யூட்டரே படத்தை முழுசாக வரைந்து முடிக்கிற வேலை) போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்வரை மெஷின் முழு வேகத்தில் ஓடும், கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்து 350 வாட் அளவுக்கு இழுக்கும், இழுத்த அவ்வளவும் கடைசியில் அனலாக அறைக்குள்தான் வந்து சேரும். தனியாக இருந்தவரை சமாளித்தேன். போன வருடம் அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தபோது, பாத்ரூமை ஒட்டியிருக்கும் அறை என்னுடையது ஒன்றுதான் என்பதால் அவர் கட்டிலை அங்கேயே போட்டோம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மே மாதத்தில் பகல் 40-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம், சுற்றிலும் பாறை மலை, ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சுடும். அதில் தலைமாட்டில் ஒரு ஹீட்டர், கூடவே ஃபேன் இரைச்சல். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், புரண்டு புரண்டு படுப்பார். அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேலை ஓடவில்லை. ஏசி போடு என்றார்கள். ஒரு டன் ஏசி அறையிலிருந்து எடுக்கிற சூடு சுமார் 3500 வாட், அதில் பத்தில் ஒரு பங்கை என் மெஷினே தின்றுவிடும், இரைச்சலோ அப்படியே இருக்கும்.

அதனால் சிப்பின் சூட்டைத் தண்ணீரில் எடுத்து, அந்தத் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரை மட்டும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலரும் ஏமாறுவது இதில்தான். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீரைத் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர வைக்காது. வெளியே 41 டிகிரி என்றால் தண்ணீர் 41-க்கு மேல்தான் நிற்கும். சிப் குளிரும் என்று நினைத்து இவ்வளவு பாடுபட்டால் மனசு விட்டுப்போகும். அறையில் படுத்திருக்கிற மனிதருக்காக என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ரேடியேட்டர் பழைய அம்பாசடருடையது, காயலான் கடையில் எடைக்கு வாங்கினேன். இப்போதைய கார்களில் வருவது பெரும்பாலும் அலுமினியம், பக்கத்துத் தொட்டி பிளாஸ்டிக். சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் வாட்டர் பிளாக்கின் அடித்தகடு செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். அம்பாசடருடையது செம்பும் பித்தளையும், அதனால் அந்தத் தொல்லை இல்லை.

அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனேன். "எந்த வண்டிக்குத் தம்பி?" என்றார் பாய். கம்ப்யூட்டருக்கு என்றதும் வேலையை நிறுத்திவிட்டு முழுக்கதையும் கேட்டார். அப்பா விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவர் விலையே பேசவில்லை. ஒரு வாயை ரப்பரால் அடைத்து, இன்னொரு வாயில் காற்றைக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தார். இரண்டு இடத்தில் மணிமணியாகக் குமிழி வந்தது. ஆணியால் கீறி அடையாளம் வைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பித்தளையின் மஞ்சள் தெரிந்த பிறகு ஆசிட் தொட்டு ஈயம் வைத்தார். ஈயம் உருகி விரிசலுக்குள் தானாக இழுத்துக்கொண்டு போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவு நிதானமான கை. பழைய பெரிய வாய்களில் பித்தளைத் தகடு வைத்து அடைத்து அரை அங்குல நிப்பிள் பற்றவைத்தும் கொடுத்தார்.

வீட்டில் ஐந்து லிட்டர் வெந்நீரில் நூறு கிராம் எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் கவிழ்த்தால் காபி டிகாஷன் நிறத்தில் வந்தது. மூன்று முறை அப்படி, பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர், பிறகு டிஸ்டில்ட் வாட்டர். போர் தண்ணீரைக் கழுவக்கூட ஊற்றாதீர்கள், நம் பக்கத்து உப்பு எப்படிப் படியும் என்று வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு கழுவியும் முதல் வாரம் தண்ணீர் லேசாகப் பச்சையடித்தது. ஈயம் வைக்கும்போது தொட்ட ஆசிட்தான் மிச்சம் இருந்திருக்கிறது, இன்னும் இரண்டு முறை மாற்றிய பிறகு தெளிந்தது. பிளாக்குக்கு முன்னால் பிளம்பிங் கடையில் கிடைக்கும் பித்தளை ஒய் ஸ்ட்ரெய்னர் ஒன்று போட்டிருந்ததால் தப்பித்தேன், அதன் சல்லடையில் சிக்கியிருந்த ஈயத்தூளைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. பிளாக்கின் உள்ளே இருக்கும் தகடுகளுக்கு நடுவே தலைமுடி நுழைகிற இடைவெளிதான், இதெல்லாம் அங்கே போயிருந்தால் அடைத்துக்கொண்டிருக்கும்.

குழாய் அரை அங்குல உள்விட்டம், போக வர 14 மீட்டர். தூரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், தூரம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. வாட்டர் கூலிங்குக்குப் போடும் டி5 பம்ப் நாலு மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளும், இந்தக் குழாயில் உராய்வுக்குப் போவது அரை மீட்டர் சுமார்தான். ஆனால் காசு மிச்சம் என்று இந்த விட்டத்தில் முக்கால் பங்கே இருக்கும் குழாய் வாங்கினால் அதே ஓட்டத்துக்கு உராய்வு நாலு மடங்கு ஆகிவிடும். திரும்பி வரும் குழாயை பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன், ஒரு லிட்டர் 17 விநாடியில் நிறைந்தது. அந்த ஓட்டத்தில் 350 வாட் ஏறினால் தண்ணீரின் சூடு ஒரு சுற்றில் ஒன்றரை டிகிரிதான் கூடும், அதனால் தண்ணீர் முதலில் பிராசஸருக்கா கிராபிக்ஸ் கார்டுக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குழாய் கறுப்பாக இருக்கட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூபில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

இனி நான் செய்த தப்பு. முதலில் ரேடியேட்டரை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். பம்புக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னத் தொட்டியும் பம்பும் கீழே மேஜையில், உயரம் சுமார் மூன்று மீட்டர். ஆன் செய்ததும் தண்ணீர் நூலாகத்தான் திரும்பி வந்தது. இறங்குகிற குழாய் முழுக்க நிறைந்த பிறகு வேகம் பிடித்தது, இறங்கும் தண்ணீரின் எடை ஏறும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் உயரம் ஒரு பொருட்டே இல்லாமல் போனது. சந்தோஷமாக இருந்தேன். நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில், பம்ப் மட்டும் தனி அடாப்டரில். பம்ப் நின்றது, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதைவிட மோசம், மேலே இருந்த தண்ணீர் மொத்தமும் இறங்கி மேஜைத் தொட்டி நிறைந்து தரையில் கொட்டியது. "தண்ணி சத்தம் கேக்குதுப்பா" என்று அப்பாதான் எழுப்பினார். எழுந்து லைட் போடுவதற்குள் அவர் கட்டிலிலிருந்து கால் இறக்கப் பார்த்தார். தரை முழுக்க ஈரம், ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலைப் பிடித்து மேலே தூக்கி வைத்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. மெஷின் சூடேறித் தானாக அணைந்துவிட்டது, அதைப் பற்றி எனக்கு அப்போது எண்ணமே இல்லை.

மறுநாள் பாயிடம் போனேன். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். திருப்பிப் பிடித்து, நடுவில் இருந்த சின்னப் பித்தளை வில்லையை நகத்தால் இழுத்துக் காட்டினார், அது ஸ்பிரிங்கில் வந்து போனது. "எஞ்சின் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும், அப்ப இது திறந்து இழுக்கும். வண்டிக்கு இது வேணும். நீ மாடியில வெச்சா, தண்ணி கீழ இழுக்கும்போது இது காத்த விடும், தண்ணி எல்லாம் இறங்கிடும்" என்றார். இவ்வளவுதான் விஷயம். அந்த வாயைத் தகடு வைத்தே அடைத்துக் கொடுத்தார்.

ஆனாலும் தலைக்கு மேலே தண்ணீர் நிற்கிற அமைப்பே வேண்டாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அடுத்து வடக்குச் சுவர். வடக்கில் வெயில் படாது என்று எங்கோ படித்ததை நம்பினேன். அது வடக்கே தள்ளியிருக்கும் குளிர்நாடுகளில் நண்பகலுக்குச் சரி. வேலூர் 12.9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதாவது அக்னி நட்சத்திரத்தில்தான் வடக்குச் சுவருக்கு வெயில்! காலையிலும் சாயங்காலமும் சாய்வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து ரேடியேட்டரில் நேராக அடித்தது.

கடைசியில் இடம் பிடித்தது மாடிப்படியின் அடியில். எப்போதும் நிழல், இரண்டு பக்கமும் காற்று, உயரமும் மேஜை உயரம்தான். ஏசி போடுகிறவரை அழைத்துச் சுவரில் ஓட்டை போட்டேன், மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சரிவாக. ஃபேன் நாலு, 140 மில்லிமீட்டர், ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே தகரத்தில் கூடு அடித்து இரண்டு அங்குல இடைவெளி விட்டேன், ஒட்டி வைத்தால் ஃபேனின் நடுப்பகுதிக்கு நேராகக் காற்றே போகாது. கார் ரேடியேட்டர் எஞ்சினுக்குச் செய்த சாமான், 350 வாட் அதற்கு ஒன்றுமே இல்லை, ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினாலே போதும். அணில் கடிக்கும் என்பதால் சுற்றிலும் கம்பி வலை. பம்ப், ஃபேன், மெஷின் எல்லாம் இப்போது ஒரே யுபிஎஸ்ஸில். பம்பின் சுற்று காட்டும் வயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் முனையில், பம்ப் நின்றால் மெஷினும் அணையும்படி வைத்திருக்கிறேன்.

அளவு கேட்பீர்கள். போன மே கடைசியில் ராத்திரி பதினொரு மணி, வெளியே 34, தண்ணீர் 39, கிராபிக்ஸ் கார்டு 56. முன்பு இதே வேலைக்குக் கார்டு 84 காட்டும், அறை 38-க்குக் குறையாது. இப்போது அறை வெளிக்காற்றோடு ஒட்டியே நிற்கிறது. அப்பா ஒரு ராத்திரி, "இன்னிக்கு வேலை இல்லையாப்பா, மெஷின் போடலையா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணா, வடக்குச் சுவர் விஷயம் எனக்கும் நடந்தது, காரணம் இப்போதுதான் புரிந்தது. நான் ரேடியேட்டரே வேண்டாம் என்று உப்புத் தண்ணீர் சம்ப்பில் செம்புக் குழாய்ச் சுருள் இறக்கியிருக்கிறேன். ஏசிக்குப் போடும் அரை அங்குலக் குழாய், 15 மீட்டர், தண்ணீருக்குள் ஒரு ஜாயின்ட் கூட இல்லை. சம்ப் ஐயாயிரம் லிட்டர். 400 வாட் பத்து மணி நேரம் ஓடினாலும் அவ்வளவு தண்ணீருக்கும் ஒரு டிகிரி கூட ஏறாது, கணக்குப் போட்டுப் பாருங்கள், முக்கால் டிகிரிக்கும் கீழே. பகல் 41 அடிக்கிற நாளில் என் குழாய்க்குள் சுற்றும் தண்ணீர் 33-ஐத் தாண்டவில்லை. காற்றைவிடக் குளிர்ச்சி கிடைக்க நான் பார்த்த ஒரே வழி இதுதான்.

ஆனால் மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டால் சம்ப் பாதிக்குக் கீழே போய்விடுகிறது, சுருளின் மேல்பாதி காற்றில் தொங்குகிறது. ஒரு நாள் அம்மா துணி துவைக்க எல்லாத் தண்ணீரையும் ஏற்றிவிட்டார்கள், தண்ணீர் 50-க்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு சுருளைத் தரையோடு படுக்க வைத்தேன். குடிதண்ணீர் சம்ப்பில் மட்டும் யாரும் இதைச் செய்யாதீர்கள். எனக்கு ஒரு சந்தேகம், சுருள்மேல் வெள்ளையாகப் படிவு வருகிறது, தேய்க்கலாமா?

ராணிப்பேட்டையிலிருந்து:

அலுமினியம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் புதுக் கார் ரேடியேட்டர்தான் போட்டேன், வெறும் டிஸ்டில்ட் வாட்டர். ஐந்தாம் மாதம் கார்டு சூடு ஏற ஆரம்பித்தது. பிளாக்கைத் திறந்தால் சுண்ணாம்பு குழைத்த மாதிரி வெள்ளைக் கூழ். ரேடியேட்டரை ஆட்டினால் உள்ளே மணல் சத்தம். பிளாக்கை மட்டும் காப்பாற்றினேன். வெறும் தண்ணீர் ஊற்றியதுதான் தப்பு, அரிப்பைத் தடுக்கிற கார் கூலன்ட் ஊற்றியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும், ஆனால் இரண்டு உலோகம் கலக்காமல் இருப்பதே மேல்.

சத்துவாச்சாரியிலிருந்து:

குடியாத்தம் தம்பி, கம்பி பிரஷ் வேண்டாம், செம்பு மெல்லிய குழாய். மேலே தூக்கி, எலுமிச்சை உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் படிவு இளகிவிடும், கையாலேயே வழித்து எடுக்கலாம், பிறகு நல்ல தண்ணீரில் கழுவி இறக்குங்கள். தூக்கும்போது சுருள் மடங்காமல் இரண்டு பேராகப் பிடியுங்கள். சம்ப்பில் மிதவை சுவிட்ச் ஒன்று போட்டு, சுருளுக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நிற்கும்படி வைத்துவிட்டால் அம்மாவையும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.