புதுப்பிப்பு: இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் நடைப்பயிற்சி – நாடிக் கணக்கில் திருத்தம்

முன்பு எழுதிய இழையில், 220இல் வயதைக் கழித்து நாடித்துடிப்பின் இலக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தேன். அதைக் கைவிடுங்கள். பிசோப்ரோலோல், கார்வெடிலோல் போன்ற குளிசைகள் துடிப்பை ஏறவிடாது. அந்த எண்ணை எட்டப் பார்த்தால் உடம்பு தாங்காது. நடக்கும்போது முழு வசனமாகக் கதைக்க முடியவேண்டும், பாட்டுப் பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் சரியான வேகம். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நீங்களே 6–20 வரை எண் போடும் போர்க் (Borg) அளவுகோலில் அது 11 முதல் 13.

வைத்தியர் சம்மதித்த பிறகு, 5–10 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை தொடங்குங்கள். முதலில் நேரத்தைக் கூட்டி 30 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள், வேகம் பிறகு. சட்டென்று நிற்கவேண்டாம், கடைசி 5 நிமிடம் மெதுவாக நடக்காவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றும்.

சைக்கிள் ஓடலாமா என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் மேடில்லை, ஆனால் சோளகம் (தென்மேல் பருவக்காற்று) இருக்கிறது. பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றுக்கு மிதிப்பது மேடேறுவதற்குச் சமம். தொடக்கத்தில் ஒழுங்கைக்குள்ளேயே ஓடுங்கள். சித்திரை வெக்கையில் காலை 7 மணிக்குள் முடியுங்கள். சலம் போகும் குளிசை எடுப்பவர்களுக்கு வியர்வையும் சேர்ந்தால் மயக்கம் வரும். மாரியில் விறாந்தையில் நடந்தாலே போதும்.

காலையில் சலம் கழித்தபின் நிறை பாருங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், கால் வீங்கினால், படுக்க மூச்சு முட்டினால் பயிற்சியை நிறுத்தி அன்றே கிளினிக்குக்குப் போங்கள். நெஞ்சுநோ வந்தால் காத்திருக்கவேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.